18 இலட்சத்தைக் கட்டும் முன் ஒரு பட்டறையைப் போய்ப் பாருங்கள்

கொட்டாஞ்சேனை அம்மாவுக்கு,

மகனை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டுச் சனிக்கிழமை நீங்கள் என்னிடம் வந்தபோது கொண்டுவந்த பைலில் மூன்று தாள்கள் இருந்தன. உங்கள் மகனின் (நான் தம்பி என்றே சொல்வேன்) உயர்தரப் பெறுபேறு, கணிதப் பிரிவில் ஒரு சி, இரண்டு எஸ். ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் கட்டண விபரம், மூன்று வருட மென்பொருள் பட்டத்துக்கு 18 இலட்சம். மூன்றாவது, ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் அண்ணா வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நீங்களே கையால் எழுதிவைத்திருந்த துண்டு: "எஞ்சினியராக வராவிட்டாலும் ஐ.டி.யாவது படிக்கட்டும், வீட்டுக்கு ஒரு பட்டம் வேண்டும்." மூன்று பாடமும் சித்திதானே, யோசிக்காதீர்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேன். அந்த ஆறுதல் அவ்வளவுதான். இனி நான் சொல்லப்போவது உங்களுக்கும் அண்ணாவுக்கும் பிடிக்காமல் போகலாம்.

நாற்பது நிமிடம் நாம் மூவரும் இருந்தோம். முப்பத்தைந்து நிமிடம் தம்பி வாயே திறக்கவில்லை. அவனுடைய இடது முழங்கைக்குக் கீழே சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாகச் சூட்டுக் காயம் இருந்ததைப் பார்த்து, இது என்ன என்று கேட்டேன். அப்போதுதான் கதைத்தான். ஆமர் வீதிப் பக்கம் ஒரு வெல்டிங் கடையில் பரீட்சை முடிந்த நாளிலிருந்து நின்று பழகுவதாகச் சொன்னான். ஃபோனை எடுத்து ஒரு மாடிப்படிக் கைபிடியின் படம் காட்டினான், எந்த மூட்டைத் தான் ஒட்டியது, எதை முதலாளி திருத்தினார் என்று விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துக் காட்டினான். பிழைத்த இடத்தைத் தானாகவே காட்டும் பிள்ளையை நான் அடிக்கடி காண்பதில்லை. "அதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு, சேர்" என்றீர்கள். அவன் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் பட்டத்துக்குக் காசு கட்ட வேண்டாம், அம்மா. மென்பொருள் படிப்பு கூடாது என்பதல்ல என் வாதம். அதை விரும்பி இரவெல்லாம் கணினியோடு கிடக்கும் பிள்ளைக்கு நானே அதை எழுதிக் கொடுப்பேன். தம்பி அப்படி இல்லை, அவனே சொன்னான். அண்ணா தருவதாகச் சொன்னது முதல் வருடக் காசு மட்டும். மிச்சத்துக்கு உங்கள் நகையும் ஒரு வங்கிக் கடனும். விருப்பமில்லாத படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளின் வீட்டில் கடன் தவணை மட்டும் விடாமல் தொடர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். நகையை அடகு வைத்து முதல் தவணை கட்ட வேண்டிய படிப்பு எதுவானாலும், பிள்ளை அதைக் கேட்டு அழாத பட்சத்தில், நான் வேண்டாம் என்றே சொல்வேன். இந்த ஒன்றில் நான் இறங்கி வரமாட்டேன்.

நீங்கள் சொல்லாமல் விட்ட பயம் எனக்குத் தெரியும். கலியாணம் பேசும் இடத்தில் "மகன் வெல்டர்" என்று எப்படிச் சொல்வது? வெல்டர் என்றதும் உங்கள் கண்முன் வருவது கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தெருவோரத்தில் குந்தியிருந்து வீட்டு கேட்டுக்குக் கம்பி ஒட்டும் ஆள். அதுவும் நேர்மையான உழைப்புத்தான். ஆனால் இந்தத் தொழில் அந்த கேட் வேலையோடு தொடங்கி எங்கே போகிறது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

தம்பி இப்போது பழகுவது ஆர்க் வெல்டிங், மின்பொறியின் சூட்டில் இரும்பை உருக்கி ஒட்டுவது. அவன் பாவிக்கும் ரொட், அதாவது உருகி ஒட்டாகும் பூச்சுக் கம்பி, அநேகமாக 6013 என்ற வகை. மெல்லிய இரும்புக்கும் பழகுபவனுக்கும் அதுதான் சரி. 2.5 மில்லிமீற்றர் ரொட்டுக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.2க்கு 90 முதல் 130 வரை என்று கரண்ட் வைப்பார்கள். ரொட்டின் நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளி ரொட்டின் கம்பித் தடிப்பளவு இருந்தால் வடை பொரிவதுபோல் ஒரே சீரான சத்தம் வரும். தூரம் கூடினால் பொறி தெறிக்கும், ஒட்டுக்குள் ஓட்டை விழும். குறைந்தால் ரொட் ஒட்டிக்கொள்ளும். நல்ல வெல்டர் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, அதன் பின்னால் உருகி நிற்கும் குட்டையைப் பார்ப்பான். அது இரண்டு பக்க இரும்பையும் பிடித்திருக்கிறதா, ஓரத்தை அரித்துப் பள்ளமாக்குகிறதா என்று பார்த்துக் கையை நகர்த்துவான். மேலே அழகாக மீன் செதில் மாதிரி இருந்து, உள்ளே இரும்பைப் பிடிக்காத ஒட்டுகள் உண்டு. அதனால்தான் சோதனையில் ஒட்டிய தகட்டைக் கீற்றாக வெட்டி மடித்துப் பார்க்கிறார்கள். வெடித்தால் தோல்வி.

அடுத்த படி 7018 ரொட். பாரம் தாங்கும் இரும்பு வேலை, கப்பல், பாலம் எல்லாவற்றிலும் இது வரும். இதற்கு ஈரம் ஆகாது. கொழும்புக் காற்றில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் பூச்சு ஈரத்தை உறிஞ்சும், அதிலிருந்து வரும் ஐதரசன் இரும்புக்குள் போய், ஒட்டு ஆறி ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக்கூட வெடிப்பு விடும். அமெரிக்கத் தரவிதிப்படி சாதாரண 7018ஐ வெளியே வைக்கக்கூடியது 4 மணித்தியாலம்தான். ஆகவே அதைச் சூட்டுப் பெட்டியில் வைத்து எடுக்கும் இடத்தில்தான் அந்த வேலையைச் சரியாகப் பழகலாம்.

அதற்கும் மேலே டிக் வெல்டிங் (உருகாத தங்ஸ்தன் முனையால், ஆர்கன் வாயுவின் காப்பில் ஒட்டும் முறை), குழாய் வேலை. என் மனம் தம்பிக்காக நிற்பது இங்கேதான். பால் பதனிடும் ஆலை, பானத் தொழிற்சாலை, பெரிய ஹொட்டல் சமையலறை என்று துருப்பிடிக்காத உருக்குக் குழாய் ஓடும் இடமெல்லாம் இந்த வேலை உண்டு. குழாயின் வெளியே ஒட்டும்போது உள்ளேயும் ஆர்கன் வாயுவை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகி, சீனி கட்டியதுபோல் சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்பில் பால் தங்கும், கிருமி வளரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஒட்டியவனுக்கு மட்டும் தெரியும். இப்படி ஒரு பொறுப்பைச் சுமப்பவனை நீங்கள் கூலியாள் என்று நினைக்கிறீர்கள். குழாய் வெல்டர்களுக்கு 6ஜி என்று ஒரு சோதனை இருக்கிறது. குழாயை 45 பாகை சாய்த்துப் பூட்டிவிடுவார்கள், அதை அசைக்க முடியாது. வெல்டர்தான் சுற்றி வந்து, மேலே, பக்கவாட்டில், தலைக்கு மேலாக, எல்லா நிலையிலும் ஒட்டி முடிக்க வேண்டும். அதில் தேறியவனுக்கு மற்ற நிலைகளும் திறந்துவிடும். ஆறு மாதம் அந்த முறையில் வேலை செய்யாமல் விட்டால் தகுதி காலாவதியாகும், திரும்பச் சோதனைக்கு ஒட்டிக் காட்ட வேண்டும். எத்தனை பட்டங்களுக்கு இப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது?

சரி, "வீட்டுக்கு ஒரு பட்டம்" என்ற அண்ணாவின் ஆசைக்கும் வழி அடைபடவில்லை. தேசிய தொழிற்றகைமை, அதாவது என்.வி.கியூ., 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. 3ஆம், 4ஆம் மட்டம் வெல்டராகச் சான்றிதழ், 5ஆம், 6ஆம் மட்டம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். அதற்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் (யுனிவோடெக்) இரத்மலானையில் இருக்கிறது. 3ஆம், 4ஆம் மட்டத்துக்கு மருதானை தொழில்நுட்பக் கல்லூரி, மொறட்டுவையில் இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம், நாரஹேன்பிட்டியைத் தலைமையகமாகக் கொண்ட தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். அரச நிலையங்களின் செலவு அந்த 18 இலட்சத்துக்குப் பக்கத்திலும் வராது. விண்ணப்பிக்க முதல் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பாடம் எந்த மொழியில்? கொழும்பில் பல வகுப்புகள் சிங்களத்தில்தான் நடக்கின்றன. தம்பிக்குப் பேச்சுச் சிங்களம் வரும், ஆனால் எழுத்து வராது என்றீர்கள். அதற்கு ஆறு மாதம் செலவழிக்கட்டும். பட்டறையிலும் துறைமுகத்திலும் அந்த மொழி அவனுக்குச் சோறு போடும்.

இனி, உங்கள் நியாயமான பயத்துக்கு வருகிறேன். கண் போய்விடும், நெருப்புப் பிடித்துவிடும் என்றீர்கள். அதை நான் தட்டிக் கழிக்கப் போவதில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பையனை ஒரு பட்டறைக்குச் சேர்த்துவிட்டேன், உள்ளே போய்ப் பார்க்காமல். காவல் மூடி கழற்றிய, இரும்பு வெட்டும் கிரைண்டரில் வெட்டும் தட்டு உடைந்து அவன் கன்னத்தைக் கிழித்தது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே. அந்தத் தழும்பை அவன் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் பார்க்காத இடத்துக்கு யாரையும் அனுப்புவதில்லை. நீங்களும் அனுப்பக் கூடாது.

ஆகவே அந்த ஆமர் வீதிக் கடைக்கு நீங்களே ஒருநாள் போங்கள். முதலில் கிரைண்டரைப் பாருங்கள், மூடி இருக்கிறதா என்று. நாலரை அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும், அந்த வேகத்தில் உடையும் தட்டு துப்பாக்கிச் சன்னம்தான். மெல்லிய வெட்டும் தட்டைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படித்தான் அது உடைகிறது. பிறகு எரிவாயுச் சிலிண்டர்களைப் பாருங்கள். அசெற்றலின் சிலிண்டர் நிமிர்ந்து, சங்கிலியால் கட்டப்பட்டு நிற்க வேண்டும். ஒட்சிசன் வால்வில் எண்ணெய்க் கையோ கிரீஸோ படவே கூடாது, தானாகப் பற்றும். நெருப்புத் திரும்பி ஓடுவதைத் தடுக்கும் வால்வு குழாயில் இருக்கிறதா என்று முதலாளியிடம் கேளுங்கள். அவர் சிரித்தால் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். டீசல் ரின், பெற்றோல் தாங்கி, பழைய பீப்பாய் இவற்றைக் கழுவிவிட்டோம் என்று சொல்லி ஒட்டும் இடமென்றாலும் அப்படித்தான். வெறும் பீப்பாய்க்குள் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

கண்ணைப் பற்றி: வெல்டிங் ஹெல்மெட்டில் 10ஆம் அல்லது 11ஆம் இலக்கக் கறுப்புக் கண்ணாடி வேண்டும். கூலிங் கிளாஸ் பிரயோசனமில்லை. ஆர்க் பட்ட கண் உடனே வலிக்காது, சில மணித்தியாலம் கழித்து, நடு இரவில், மண் போட்டதுபோல் அறுக்கும். வெல்டிங் கடைகளில் கண்ணில் உருளைக்கிழங்கு சீவி வைப்பார்கள், தாய்ப்பால் விடுவார்கள். இரண்டும் வேண்டாம். ஈரத் துணி வைத்து, காலையில் தேசிய கண் வைத்தியசாலைக்குப் போவதுதான் முறை.

புகையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாகம் (துத்தநாகம்) பூசிய ஜீ.ஐ. குழாயை அப்படியே ஒட்டினால் நாகப் புகை வரும். இரவு குளிர்காய்ச்சல் மாதிரி நடுங்கும், ஒன்றிரண்டு நாளில் விடும். பால் குடித்தால் புகை முறியும் என்று சொல்வார்கள், அது உண்மையில்லை. ஒட்டும் இடத்தின் இரண்டு பக்கத்திலும் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றுப் போகும் இடத்தில் ஒட்ட வேண்டும். துருப்பிடிக்காத உருக்கின் புகை இன்னும் கெட்டது, அதில் குரோமியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. இதைச் சொல்லாமல் உங்கள் பிள்ளையை இந்தத் தொழிலுக்கு அனுப்பினால் நான் உங்களை ஏமாற்றுபவன் ஆவேன். புகை உறிஞ்சும் குழாயும் முகத்துக்கு வடிகட்டும் மாஸ்க்கும் உள்ள இடம்தான் அவன் நீண்டகாலம் நிற்க வேண்டிய இடம். தலையைப் புகைக்கு மேலே கொண்டுபோகாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம், அதற்குக் காசு தேவையில்லை.

தம்பி சின்ன இன்வேர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கேட்பதாகச் சொன்னீர்கள். இப்போது வேண்டாம். மலிவு மெஷினில் 250 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், அதை நம்பிச் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் வயர்தான் உருகும். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஒட்டலாம் என்ற அளவைத் தகட்டில் பார்க்காமல் எந்த மெஷினையும் வாங்கக் கூடாது. முதல் காசு ஹெல்மெட்டுக்கு, அடுத்தது தோல் கையுறைக்கும் தோல் சப்பாத்துக்கும். பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி விலை கேட்டு வாங்கட்டும். கையுறை வியர்வையில் நனைந்தால் மாற்ற இன்னொரு சோடியும் வேண்டும். ரொட் மாற்றும் நேரத்தில் மெஷின் முனையில் 60, 70 வோல்ட் நிற்கும், ஈரக் கைக்கு அது போதும்.

வெளிநாட்டு ஏஜென்சிக்காரர்கள் இவனைத் தேடி வருவார்கள். என்.வி.கியூ. 4 கையில் வரும்வரை ஒருவரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவில்லாதவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

அண்ணாவிடம் நீங்கள் கதைக்கச் சங்கடம் என்றால் என் நம்பரைக் கொடுங்கள், நான் கதைக்கிறேன். அவர் தருவதாகச் சொன்ன முதல் வருடக் காசைப் பயிற்சிக் காலத்தில் தம்பியின் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் பாதுகாப்புச் சாமானுக்கும் தரச் சம்மதிப்பாரா என்று கேட்பேன். நகையை வீட்டிலேயே வையுங்கள்.

வரும் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரத்மலானையில் எனக்குத் தெரிந்த ஒரு குழாய் வேலைப் பட்டறைக்குத் தம்பியைக் கூட்டிப்போகிறேன், நீங்களும் வாருங்கள். அவன் பருத்தித் துணியில் நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சேர்ட்டும் போடட்டும். பொலியெஸ்டர் வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். செருப்பு வேண்டாம், சப்பாத்து. நீங்கள் நைலக்ஸ் சேலை கட்டாமல் பருத்திச் சேலை கட்டி வாருங்கள். வெளிச்சம் எழும்போது நேரே பார்க்காதீர்கள், உங்களுக்கும் ஒரு கண்ணாடி அங்கே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.