பெரியப்பாவின் ஃபார்வர்டும் எட்டாம் வகுப்புப் பையனும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். செய்திகளை ஆராய்ந்து படிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு யாரும் கற்றுத்தராமலே அது வந்துவிட்டது. அதனால்தான் வீட்டில் பிரச்சினை. நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என யுனெஸ்கோ அறிவித்திருப்பதாக, சுதந்திர தினத்தன்று அவனுடைய பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார். "இது பொய். பல வருடங்களாகச் சுற்றும் பொய்" என்று இவன் அதன் கீழேயே எழுதிவிட்டான். அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார் என் கணவர். நாலெழுத்து படித்ததும் பெரியவர்களை எடுத்தெறிந்து பேசுகிறான் என்கிறார் மாமியார். போதாக்குறைக்கு, இப்போது நாளிதழைக் காட்டினாலும் "எல்லாமே பொய்தான்" என்கிறான். அவனை எப்படி வழிநடத்துவது? மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் இப்போதே இதெல்லாம் வேண்டுமா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்னது சரி. அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று யுனெஸ்கோ 2008-லேயே மறுத்துவிட்டது. ஆகவே சொன்ன விஷயத்துக்காக அவனை மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். கேட்க வைத்தால், வீட்டில் உண்மை பேசினால் அடி விழும் என்பதைத்தான் கற்றுக்கொள்வான். சொன்ன இடத்துக்காக வருந்தலாம். பெரியப்பா நாட்டுப் பெருமிதத்தில் அனுப்பியதற்கு, உறவினர் அத்தனை பேர் முன்னாலும் மூக்கறுபட வேண்டியிருந்தது. இனி இப்படி ஏதாவது வந்தால் முதலில் அவருக்குத் தனியாக அனுப்பட்டும். நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தேடினான், எதைக் கண்டான் என்று போனிலேயே காட்டினால் இன்னும் நல்லது. திருத்தம் தன் பெயரிலேயே குழுவுக்குப் போகும் வாய்ப்பு பெரியப்பாவுக்கு இருக்க வேண்டும்.

ஆனால் எல்லாச் செய்திக்கும் இந்த நிதானம் பொருந்தாது. 2018 மே மாதம் போளூர் அருகே நடந்ததை அவனுக்குச் சொல்லுங்கள். குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க இறங்கியது. அவர்களில் ஒரு மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி ஏற்கெனவே ஊர் ஊராகப் பரவியிருந்தது. அந்தப் பெண்மணியை அடித்தே கொன்றார்கள்.

அந்த மாதங்களில் இந்தியாவில் சுற்றிய காணொளிகளில் ஒன்றில், தெருவில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களில் ஒருவனை பைக்கில் வரும் இருவர் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அசலில் அவர்கள் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடுவார்கள். காணாமல் போகும் குழந்தைகளைப் பற்றிய பலகை ஒன்றையும் காட்டுவார்கள். அந்த முடிவைக் கத்தரித்துவிட்டுத்தான் ஊரெல்லாம் அனுப்பினார்கள். படம் பொய்யில்லை, வெட்டியது யாரோ! ஒருவர் உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து வரக்கூடிய செய்தி என்றால் உடனே, குழுவிலேயே, யார் மனம் நோகும் என்று பார்க்காமல் மறுத்துவிட வேண்டும்.

"எல்லாமே பொய்தான்" என்று அவன் சொல்வதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. எல்லாவற்றையும் நம்புகிறவரும் எதையும் நம்பாதவரும் சரிபார்க்கிற வேலையைச் செய்யாமல் தப்பிக்கிறார்கள். ஒரு நாளிதழை அவன் கையில் கொடுத்து, அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில் இருக்கும். 1867-இல் வந்த சட்டத்திலிருந்தே அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்களைப் போடுவது கட்டாயம். நாளிதழும் தப்புச் செய்யும். செய்தால் யார் மீது வழக்குப் போடுவது என்று தெரியும். பெரியப்பாவுக்கு வந்த செய்தியை முதலில் எழுதியவர் யார் என்று அவன் கண்டுபிடித்துக் காட்டட்டும்.

சரிபார்க்கும் முறைக்கு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு நல்ல வழிகாட்டி. வரலாற்றுப் பேராசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், செய்தி சரிபார்ப்பாளர்கள் என மூன்று தரப்பினரிடம் சில இணையதளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரு தரப்பினரில் பலர் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் அழகையும் நடையையும் எடைபோட்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் அதைவிட்டு வெளியே வந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். உங்கள் மகனுக்கும் இதுவே பயிற்சி. காணொளியை நிறுத்தி, ஒரு காட்சியைப் படமாகச் சேமித்து, கூகுள் லென்ஸில் போட்டு, அதே படம் முதன்முதலில் எந்த ஆண்டு, எந்த ஊரில் வந்தது என்று பார்க்கட்டும். உண்மை என்று தெரியவந்த செய்திகளையும் நோட்டில் எழுதி வைக்கட்டும். "எல்லாமே பொய்" என்ற பேச்சு அந்த நோட்டின் முன் நிற்காது.

இதெல்லாம் பலிக்குமா என்று கேட்பீர்கள். பீகாரில் 2019 தேர்தல் சமயத்தில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் வீடு வீடாகப் பெரியவர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி கொடுக்கச் செய்து பார்த்தார். மொத்தத்தில் பலன் தெரியவில்லை. பின்னர் அவரும் சக ஆய்வாளர்களும் அதே மாநிலத்தில் 583 கிராமங்களில், 13 முதல் 18 வயது வரையுள்ள 13,500 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குச் சில வார இடைவெளிகளில் நான்கு வகுப்புகள். மாதங்கள் கழித்தும் அவர்கள் பொய்யையும் மெய்யையும் மற்றவர்களைவிட நன்றாகப் பிரித்தறிந்தார்கள். அவர்களுடைய பெற்றோரிடமும் அந்தத் திறன் கூடியிருந்தது. ஒரு நாள் அறிவுரையில் நடக்காதது, பிள்ளைகள் வழியாக வீட்டுக்குள் போயிருக்கிறது. இதனால்தான் பள்ளிப் பாட நேரத்திலேயே இடம் வேண்டும் என்று விடாமல் எழுதுகிறேன். கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018-லேயே அரசுப் பள்ளிகளில் இதைத் தொடங்கியது. நம் பள்ளிகளிலும் வர வேண்டும். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்களே எழுந்து கேளுங்கள்.

மகளுக்கு வாட்ஸ்அப் வேண்டாம், விளம்பரம் போதும். உங்கள் வீட்டில் பாலில் கலக்கும் சத்து மாவு டப்பா இருந்தால் அவள் முன் வையுங்கள். இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. அவளுக்கு அந்தக் கதை வேண்டாம். முன்பக்கத்தில் என்ன படம், என்ன வாக்குறுதி என்று முதலில் வாசிக்கட்டும். பிறகு டப்பாவைத் திருப்பி, நூறு கிராமில் சர்க்கரை எத்தனை கிராம் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். சமையலறைத் தராசு இருந்தால் அந்தச் சர்க்கரையை ஒரு கிண்ணத்தில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் இதை ஏன் எழுதவில்லை என்று அவளே கேட்பாள்.