சமைத்த உணவை ஓவனில் சூடாக வைத்திருக்க எத்தனை டிகிரி வேண்டும்? எவ்வளவு நேரம் வைக்கலாம்?

ஊட்டியில் குடியிருக்கிறேன். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மரம் விழுந்து, எட்டு மணிக்கு வரவேண்டிய உறவினர்கள் பத்து மணிக்கு வந்து சேருவது எங்களுக்குப் பழக்கமான ஒன்று. அதனால் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

உணவின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. நான் சொல்வது ஓவன் திருகில் உள்ள எண் அல்ல, சோற்றின் நடுவில் இருக்கும் சூடு. ஓவனை முன்கூட்டியே 90 முதல் 100 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கியவுடன் ஆவி பறக்க உள்ளே வையுங்கள். ஆறிய குழம்பை அதில் வைத்துச் சூடாக்கவே வேண்டாம். அது மெல்ல மெல்லச் சூடேறும் நேரம் கிருமி பெருகுவதற்கு மிகவும் தோதானது.

"இந்தக் குளிரில் எது கெடும்?" என்பார் என் மாமியார். வெளியே புல்லில் உறைபனி படிந்திருந்தாலும், ஆள் புழங்கும் சமையலறை 15 டிகிரியாவது இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வளரும். சோற்றில்தான் எனக்குப் பயம் அதிகம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாதவை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

இன்னொன்று, 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஆகவே ஓவனை 100 டிகிரியிலேயே விட்டால் மூடிய சாம்பார் மெதுவாகக் கொதித்து வற்றும். இங்கே 90 போதும்.

சோற்றுப் பாத்திரத்தை மூடித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பருக்கை காய்ந்து விறைக்கும். ஆனால் மூடியில் கோர்க்கும் நீர் சொட்டி, நடுவில் சோறு குழைந்துவிடும். வாட்டிய வாழையிலையைச் சோற்றின்மேல் பரப்பி அதன்மேல் மூடினால் சொட்டு இலையோடு நின்றுவிடும், வாசனையும் ஏறும். வடையை மட்டும் மூடாமல் கம்பித் தட்டில் பரப்புங்கள். மூடினால் அரைமணியில் நமத்துப்போகும்.

இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும் என்று தெரிந்தால் ஓவனை நம்பாமல், அகலமான பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். வண்டி குன்னூரைத் தாண்டியதாக போன் வந்த பிறகுதான் சாம்பார் மறுபடி அடுப்பில் ஏறும்.