பதிவேட்டைப் படித்துவிட்டுப் பேசட்டும்

கேள்வி: அமெரிக்காவில் வியட்நாம், இராக் போர்க்காலங்களில் ராணுவத்தில் பணியாற்றிவிட்டு அரசியலுக்கு வந்தவர்களின் பணியைக் குறை கூறும் விமர்சகர்களைச் சென்ற இதழில் கடுமையாகக் கண்டித்திருந்தீர்கள். பதக்கத்தைக் காட்டி வாக்குக் கேட்பவரிடம், அந்தப் பதக்கம் எப்படி வந்தது என்று கேட்கக் கூடாதா? சீருடை அணிந்தவர் என்பதற்காக ஒருவரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆக்குவது ஜனநாயகமா?
– வாசகர் ஒருவர், திருச்சி.

பதில்: கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ராணுவத்தில் இருந்ததைத் தன் தகுதியாக முன்வைக்கும் வேட்பாளர், அந்தப் பணியின் பதிவேட்டை மக்கள் பார்வைக்கு வைக்கக் கடமைப்பட்டவர். இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பதிவேடு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அதைப் புரட்டிப் பார்க்காமல், அல்லது பார்த்துவிட்டும் அதில் இருப்பதற்கு மாறாகப் பேசி, ஒரு மனிதர் பட்ட காயத்தையே அவருக்கு எதிரான சாட்சியாக நிறுத்தியவர்களைத்தான் நான் கண்டித்தேன். ஒருவருடைய கதையைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் இது விளங்கும்.

ஜார்ஜியா மாநிலத்துக்காரரான மேக்ஸ் கிளீலண்ட், 1968 ஏப்ரலில் வியட்நாமில் தரைப்படைக் கேப்டனாக இருந்தார். வயது 25. முற்றுகையிடப்பட்டிருந்த கே சான் என்ற அமெரிக்கத் தளத்தை மீட்கச் சென்ற படையில் அவர் இருந்தார். ஏப்ரல் 4 அன்று எதிரியின் ராக்கெட்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், பதுங்கியிருந்த இடத்தை விட்டு வெளியே வந்து காயம்பட்டவர்களுக்கு உதவியதற்காக அவருக்கு சில்வர் ஸ்டார் பதக்கம் கிடைத்தது. நான்கு நாள் கழித்து, வானொலித் தொடர்பு நிலையம் ஒன்றை அமைப்பதற்காக, மரம் எதுவுமற்ற ஒரு குன்றின் உச்சியில் ஹெலிகாப்டரில் போய் இறங்கினார். சுழலும் இறக்கைகளுக்குக் கீழே குனிந்தபடி விலகி வந்து திரும்பிப் பார்த்தபோது, தரையில் ஒரு கையெறி குண்டு கிடந்தது. தன்னிடமிருந்துதான் நழுவி விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்து, அதை எடுப்பதற்காக வலது கையை நீட்டினார். குண்டு வெடித்தது. அந்தக் கையும் இரண்டு கால்களும் போயின.

தன் கவனக்குறைவால்தான் இது நேர்ந்தது என்று 31 ஆண்டுகள் அவர் தன்னையே நொந்துகொண்டிருந்தார். அன்று அவருக்கு முதலுதவி செய்த ஒரு கடற்படைக் காலாட்படை வீரர் 1999இல் அவரைத் தேடிப்பிடித்து, அந்தக் குண்டு அவருடையதல்ல, பின்னால் குதித்த இன்னொரு இளம் சிப்பாயிடமிருந்து விழுந்தது என்று சொன்ன பிறகே அந்தச் சுமை இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் அவர் ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில் முன்னாள் ராணுவத்தினர் நல நிர்வாகத்தின் தலைவராகவும், பிறகு செனட் உறுப்பினராகவும் இருந்தார். எதிரியின் குண்டால் காயமடைந்ததாக அவர் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

2002 செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்காரரான அவரை எதிர்த்து நின்றவர், குடியரசுக் கட்சியின் சாக்ஸ்பி சாம்பிளிஸ். வியட்நாம் போர்க்காலத்தில் படிப்பையும் முழங்கால் கோளாறையும் காரணமாகக் கொண்டு ராணுவச் சேவையிலிருந்து விலக்குப் பெற்றவர் அவர். ஒசாமா பின் லேடன், சதாம் உசேன் ஆகியோரின் முகங்களைக் காட்டிவிட்டு, உள்நாட்டுப் பாதுகாப்பு விஷயத்தில் கிளீலண்ட் அதிபருக்கு எதிராக வாக்களித்தார் என்று குற்றம் சாட்டும் தொலைக்காட்சி விளம்பரத்தை சாம்பிளிஸின் அணி ஓடவிட்டது. அந்த வாக்குகள், புதிதாக அமையவிருந்த பாதுகாப்புத் துறையில் ஊழியர்களின் உரிமைகள் என்னாகும் என்ற சட்டத் தகராறைச் சார்ந்தவை. சாம்பிளிஸின் சொந்தக் கட்சிக்காரர்களும் வியட்நாமில் போரிட்டவர்களுமான ஜான் மெக்கெய்ன், சக் ஹேகல் இருவருமே அந்த விளம்பரத்தைக் கண்டித்தார்கள். கிளீலண்ட் தோற்றார்.

அதோடும் விடவில்லை. 2004 பிப்ரவரியில் ஆன் கூல்ட்டர் என்ற பத்தி எழுத்தாளர், கிளீலண்ட் போரில் கை கால்களை இழக்கவில்லை, நண்பர்களோடு பீர் குடிக்கப் போன இடத்தில் தன்மேல் தானே குண்டைப் போட்டுக்கொண்டார், அதில் வீரம் எதுவும் இல்லை என்ற பொருளில் எழுதினார். குண்டு எதிரியுடையதல்ல என்பது உண்மைதான். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் கூல்ட்டர் அல்லர், கிளீலண்டே ஊரறியச் சொல்லிவந்தது அது. அவர் போட்ட குண்டல்ல என்பதும் அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே வெளிவந்திருந்தது. தெரிந்த உண்மையில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியின் இடத்தில் ஒரு பொய்யை வைத்து எழுதினால் அதற்குப் பெயர் விமர்சனமா? அந்த நேரத்தில் கிளீலண்ட் செய்த குற்றமெல்லாம், அதிபர் ஜார்ஜ் புஷ்ஷைக் குறை சொன்னதும் ஜான் கெர்ரிக்காகப் பிரச்சாரம் செய்ததும்தான்.

கெர்ரியின் கதை உலகறிந்தது என்பதால் அதன் சாரத்தை மட்டும் சொல்கிறேன். 1969இல் மெக்காங் டெல்டா பகுதியின் ஆறுகளில் 'ஸ்விஃப்ட்' எனப்படும் ரோந்துப் படகுக்குத் தலைமை வகித்த கடற்படை அதிகாரி அவர். பிப்ரவரி 28 அன்று நடந்த மோதலுக்காக சில்வர் ஸ்டார், மார்ச் 13 அன்று ஆற்றில் விழுந்த ஜிம் ராஸ்மன் என்ற சிறப்புப் படை அதிகாரியை இழுத்துக் காப்பாற்றியதற்காக புரோன்ஸ் ஸ்டார் (வெண்கல நட்சத்திரம்), காயங்களுக்காக மூன்று பர்ப்பிள் ஹார்ட் பதக்கங்கள் பெற்றார். 2004 ஆகஸ்டில், அவர் புஷ்ஷை எதிர்த்து ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றபோது, அதே வகைப் படகுகளில் பணியாற்றிய சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து, இவை பொய்யாகப் பெற்ற பதக்கங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். மார்ச் 13 அன்று எதிரி சுடவே இல்லை என்று அவர்களில் ஒருவரான லாரி தர்லோ சொன்னார். அதே நாள் சம்பவத்துக்காக அவருக்கும் ஒரு புரோன்ஸ் ஸ்டார் வழங்கப்பட்டிருந்தது. 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அந்தப் பதக்கத்தின் சான்றுரையைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே அவர் செயல்பட்டார் என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த சில நாட்களில், பிப்ரவரி 28 அன்று உடன் சென்ற இன்னொரு படகின் அதிகாரியும் அப்போது 'சிகாகோ ட்ரிப்யூன்' இதழின் ஆசிரியர்களில் ஒருவருமான வில்லியம் ரூட், 35 ஆண்டு மௌனத்தைக் கலைத்து, குழுவின் குற்றச்சாட்டு தவறு என்று எழுதினார். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இப்படித்தான் கிடைக்க வேண்டும். ஒரு பத்திரிகை ஆவணத்தைத் தேடிப் போனது, நேரில் பார்த்தவர் ஒருவர் தன் பெயரைப் போட்டு எழுதினார்.

அந்தக் குழுவில் இருந்தவர்களின் கோபம் முழுவதும் போலி என்று நான் நினைக்கவில்லை. 1971 ஏப்ரலில் கெர்ரி செனட் வெளியுறவுக் குழுவின் முன் அமர்ந்து, அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் செய்ததாகச் சொல்லப்பட்ட கொடுமைகளை எடுத்துரைத்தார். அதைக் கேட்ட பலர், தங்கள் எல்லோரையும் கொலைகாரர்கள் என்று அவர் முத்திரை குத்திவிட்டதாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் குமுறிக்கொண்டிருந்தார்கள். அவர்களது இரண்டாவது விளம்பரம் அந்தச் சாட்சியத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் நியாயமான ஒரு வாதம் இருந்தது. அவர் சொன்னது சரி என்றோ தவறு என்றோ நாடே விவாதித்திருக்கலாம். ஆனால் 1971இன் பேச்சுக்குப் பழி வாங்க 1969இன் பதக்கத்தைப் பொய்யாக்கியது எந்த நியாயத்தில் சேரும்? 2004 ஆகஸ்ட் இறுதியில் நியூயார்க்கில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில், சிறு காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் பர்ப்பிள் ஹார்ட் படத்தைப் பதித்து முகத்தில் ஒட்டிக்கொண்டு சில பிரதிநிதிகள் வந்தார்கள். எதிரியால் காயமடைந்த எந்தச் சிப்பாய்க்கும் வழங்கப்படுகிற பதக்கம் அது. கெர்ரியைக் குத்துவதாக நினைத்து, அதே பதக்கத்தை வீட்டில் வைத்திருக்கும் அத்தனை குடும்பங்களையும் அவர்கள் குத்தினார்கள்.

ஒரு கட்சியை மட்டும் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். அதே தேர்தலில், புஷ் டெக்சாஸ் விமானத் தேசியக் காவல்படையில் ஒழுங்காகப் பணியாற்றவில்லை என்று காட்ட, சிபிஎஸ் தொலைக்காட்சி செப்டம்பர் 8 அன்று சில ஆவணங்களை ஒளிபரப்பியது. இரண்டு வாரங்களுக்குள், அவை உண்மையானவை என்று நிறுவ இயலவில்லை என அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. புஷ்ஷின் பணியைக் குறித்துக் கேட்க நியாயமான கேள்விகள் இருந்தன. ஆதாரமற்ற தாள்களைக் காட்டியதால் அந்தக் கேள்விகளும் சேர்ந்து செத்துப்போயின. 2015 ஜூலையில் டொனால்டு டிரம்ப், ஹனோய் சிறையில் ஐந்தரை ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த மெக்கெய்னைப் பற்றி, பிடிபடாதவர்களைத்தான் தனக்குப் பிடிக்கும் என்று சொன்னார். அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஒருவரின் மகனான அவருக்கு முன்கூட்டியே விடுதலை தர வியட்நாமியர் முன்வந்தபோது, தனக்கு முன் பிடிபட்டவர்கள் உள்ளே இருக்கையில் தான் வெளியேற மாட்டேன் என்று மறுத்தவர் மெக்கெய்ன். இதற்கு மேல் அந்தப் பேச்சைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

நியாயமான கேள்விக்கும் உதாரணம் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தின் ரிச்சர்ட் புளூமெந்தால், கடற்படைக் காலாட்படையின் ரிசர்வ் பிரிவில் அமெரிக்காவிலேயே பணியாற்றியவர். வியட்நாமில் பணியாற்றியதாக அவர் மேடையில் பேசியதை 2010 மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' பதிவுகளோடு அம்பலப்படுத்தியது. மிகச் சரியான வேலை. 2024இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளரான டிம் வால்ஸ் மீது எழுந்த புகார்களில் இரண்டு வகையும் கலந்திருந்தன. போரில் தான் ஏந்திய ஆயுதங்கள் என்று அவர் முன்பு ஒருமுறை பேசியது தவறு. அவர் போர்முனைக்குச் சென்றதில்லை, அதைச் சுட்டிக்காட்டியதும் சரியே. ஆனால் 24 ஆண்டு தேசியக் காவல்படைப் பணிக்குப் பிறகு 2005 மே மாதம் ஓய்வு பெற்றவரை, ஜூலையில் அவருடைய படைப்பிரிவுக்கு இராக் செல்லும் முன்னறிவிப்பு வந்ததைக் காட்டி, ஓடிப்போனவர் என்று தீர்ப்பளித்த விமர்சகர்கள், தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்திருக்க வேண்டும். அவர் நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிடப் பதிவு செய்தது அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே. படை புறப்படக்கூடும் என்ற பேச்சு அவர் ஓய்வு பெறும் முன்பே இருந்தது என்பதால் அவருடைய முடிவைக் குறை சொல்ல இடமுண்டு. கோழை என்று சொல்ல அது போதாது.

ராணுவத்துக்கே போகாதவர்களுக்கு இதைப் பேச உரிமை இல்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. துப்பாக்கி பிடிக்காதவரும் பதிவேட்டைப் படிக்கலாம், சாட்சிகளைத் தேடலாம், கேள்வி எழுப்பலாம். அப்படிச் செய்த நிருபர்கள் பலர். ஆனால் குற்றம் சாட்டுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பொதுவெளியில் இருக்கும் ஆவணம் ஒன்று சொல்ல, விமர்சகர் வேறொன்று சொன்னால், ஆவணம் ஏன் தவறு என்று காட்டும் சுமை அவருடையது. அதைச் சுமக்க மறுத்தவர்களைத்தான் சென்ற இதழில் கண்டித்தேன், இப்போதும் கண்டிக்கிறேன்.

2004 ஆகஸ்ட் 25 அன்று, கெர்ரிக்கு எதிரான விளம்பரங்களைக் கண்டிக்கும்படி அதிபரைக் கேட்டு, ராணுவத்தில் பணியாற்றிய ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு, கிளீலண்ட் டெக்சாஸில் உள்ள புஷ்ஷின் பண்ணைக்குச் சென்றார். ஆற்றிலிருந்து கெர்ரி இழுத்துக் காப்பாற்றிய ராஸ்மனும் உடன் வந்திருந்தார். ஆகஸ்ட் வெயிலில், சாலைத் தடுப்பின் முன்னால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி கடிதத்தை நீட்டினார் கிளீலண்ட். காவலுக்கு நின்றவர்கள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. புஷ்ஷை ஆதரிக்கும் டெக்சாஸ் அதிகாரி ஒருவர் முன்வந்து தான் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். அவரிடம் கொடுக்க கிளீலண்டுக்கு விருப்பமில்லை. மீதமிருந்த ஒற்றைக் கையில் கடிதத்தைப் பிடித்தபடி அவர் திரும்பிச் சென்றார்.