ஆர்டிஐசி: டாஸ்க்கும் ரிசோர்ஸும் – வாசகர் கேள்வி பதில்

ரஸ்ட் மொழியில் ஆர்டிஐசி (இன்டரப்ட்களை, அதாவது வன்பொருள் குறுக்கீடுகளை, வைத்து டாஸ்க்குகளை ஓட்டும் நிகழ்நேரக் கட்டமைப்பு) கொண்டு மைக்ரோகன்ட்ரோலர் நிரல் எழுதுகிறவர்களின் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். பலரும் எஸ்டிஎம்32எஃப்103 சிப் உள்ள ‘புளூ பில்’ போர்டில் வேலை செய்கிறார்கள் என்பதால் கணக்குகளும் அதற்கே. நிரல் சொற்களை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற நிகழ்நேர இயங்குதளத்தில் பழகியவன் நான். அங்கே டாஸ்க், மியூட்டெக்ஸ் எல்லாவற்றையும் நிரல் ஓடும்போது உருவாக்கிக்கொள்ளலாம். ஆர்டிஐசியில் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிவிக்கச் சொல்வது ஏன்? எதை எங்கே எழுதுவது?

பதில்: கணக்குப் போடுவதற்காக. எந்த டாஸ்க் எந்த ரிசோர்ஸைத் (டாஸ்க்குகள் பயன்படுத்தும் தரவு அல்லது சாதனம்) தொடும், அதன் முன்னுரிமை என்ன என்பது கம்பைல் நேரத்திலேயே தெரிந்துவிட்டால், ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் ஒரு உச்சவரம்பை அப்போதே குறித்துவிடலாம். அதைத் தொடும் டாஸ்க்குகளில் எதன் முன்னுரிமை அதிகமோ, அதுதான் உச்சவரம்பு. 1990-ல் டெட் பேக்கர் முன்வைத்த ஸ்டாக் ரிசோர்ஸ் பாலிசியின் சாரம் இது. ஸ்வீடனின் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஆர்டிஐசி (2020 வரை இதன் பெயர் ஆர்டிஎஃப்எம்) அதை கார்டெக்ஸ்-எம் சிப்பின் இன்டரப்ட் வன்பொருள் மேல் அப்படியே பொருத்தியிருக்கிறது. ஷெட்யூலர் என்று தனியாக எதுவும் ஓடுவதில்லை. எல்லா டாஸ்க்குக்கும் ஒரே ஸ்டாக். டெட்லாக் (டாஸ்க்குகள் ஒன்றுக்கொன்று காத்து உறைந்துபோவது) வர வழியே இல்லை.

எழுத வேண்டியவை எல்லாம் ஒரே மாட்யூலுக்குள் அடங்கிவிடும். மாட்யூல் தலையில் ‘ஆப்’ அட்ரிபியூட். அதில் ‘டிவைஸ்’ என்று உங்கள் சிப்பின் ரெஜிஸ்டர்களை அணுக உதவும் ‘பேக்’ கிரேட்டைக் (கிரேட் என்றால் ரஸ்ட் நூலகம்) காட்ட வேண்டும். உள்ளே இரண்டு ஸ்ட்ரக்ட்: பலர் தொடுவதை ‘ஷேர்ட்’டிலும், ஒரே டாஸ்க்குக்குச் சொந்தமானதை ‘லோக்கல்’லிலும் வையுங்கள். அடுத்து ‘இனிட்’ ஃபங்ஷன். இன்டரப்ட்கள் மூடிய நிலையில் அது ஒருமுறை மட்டும் ஓடி, அந்த இரண்டு ஸ்ட்ரக்டையும் நிரப்பித் திருப்பித் தரும். பிறகு டாஸ்க்குகள். வன்பொருள் டாஸ்க் என்றால் ‘பைண்ட்ஸ்’ என்று இன்டரப்டின் பெயர் வேண்டும். மென்பொருள் டாஸ்க்குக்கு அது கிடையாது. நடுவே காத்திருந்து தொடரக்கூடிய ‘அசிங்க்’ ஃபங்ஷனாக இருக்கும். இரண்டு வகையிலும் ‘பிரையாரிட்டி’, ‘லோக்கல்’, ‘ஷேர்ட்’ பட்டியல்களை அட்ரிபியூட்டிலேயே கொடுக்கலாம். பிரையாரிட்டியை விட்டால் ஏதோ ஒரு மதிப்பை அதுவே எடுத்துக்கொள்ளும். அதை நம்பாமல் எல்லா டாஸ்க்கிலும் எண்ணை எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நிரலைப் படிப்பவர் வாழ்த்துவார்.

இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களைப் பார்த்து எழுதினால் ஒரு எச்சரிக்கை. ‘இனிட்’ மூன்றாவதாக ‘மோனோடானிக்ஸ்’ என்று ஒன்றைத் திருப்பித் தந்தாலோ, டாஸ்க்கில் ‘கெப்பாசிட்டி’ என்று இருந்தாலோ அது 1.0 பதிப்புக்கான பாடம். 2023-ல் வந்த 2.0-இல் அவை இல்லை. 2.0-க்கு கார்கோ கோப்பில் பேக்எண்ட் ஃபீச்சரையும் குறிப்பிட வேண்டும். புளூ பில்லுக்கு அது தம்ப்-வி7.

கேள்வி: யூசார்ட்1 சீரியல் போர்ட்டில் வினாடிக்கு 115200 பிட் வேகத்தில் தரவு வருகிறது. அதை ஷேர்ட் பஃபரில் சேர்த்து, ஓலெட் திரையில் காட்டுகிறேன். யூசார்ட் டாஸ்க்கின் முன்னுரிமை 3, திரை டாஸ்க் 1. திரை புதுப்பிக்கும்போதெல்லாம் எழுத்துகள் தொலைகின்றன. அதிக முன்னுரிமை உள்ள டாஸ்க் எப்படித் தாமதமாகிறது?

பதில்: திரை டாஸ்க் பஃபரை லாக் செய்து, அதாவது மற்ற டாஸ்க் தொடாதபடி பூட்டி வைத்துக்கொண்டே திரைக்கும் எழுதுகிறது என்று ஊகிக்கிறோம். அந்த பஃபரின் உச்சவரம்பு 3. லாக் போட்ட கணத்தில் ஆர்டிஐசி, எந்த மட்டம்வரை இன்டரப்ட்களைத் தடுப்பது என்று குறிக்கும் பேஸ்ப்ரை ரெஜிஸ்டரில் 208 என்று எழுதும். (எஸ்டிஎம்32-இல் முன்னுரிமைக்கு 4 பிட், அதாவது 16 படி. 16-லிருந்து 3-ஐக் கழித்து, 4 பிட் இடப்பக்கம் தள்ளினால் 208. வன்பொருளில் சிறிய எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம்; ஆர்டிஐசியில் பெரிய எண்ணுக்கு. சி மொழியிலிருந்து வருபவர்கள் வழக்கமாகக் குழம்பும் இடம் இது.) அதன்பின் லாக் விடுபடும்வரை முன்னுரிமை 3-ம் அதற்குக் கீழும் உள்ள எந்த இன்டரப்டும் நுழைய முடியாது. உங்கள் யூசார்ட் மட்டுமா? அந்த பஃபரைத் தொடவே தொடாத, முன்னுரிமை 2-இல் ஒரு டைமர் டாஸ்க் இருந்தால் அதுவும் வாசலிலேயே நிற்கும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். 115200-இல் ஒரு பைட் என்பது ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட்; சுமார் 86.8 மைக்ரோ வினாடி. 72 மெகாஹெர்ட்ஸில் சரியாக 6250 சைக்கிள். இந்த சிப்பின் யூசார்ட்டில் வந்த பைட்டை வைத்திருக்க ஒரே ஒரு டேட்டா ரெஜிஸ்டர்தான். அடுத்த பைட் முழுதாக வந்து சேர்வதற்குள் முந்தையதை எடுக்காவிட்டால் ஓவர்ரன், புதிதாக வந்த பைட் போனது போனதுதான். 128×64 ஓலெட்டுக்கு முழுத் திரை 1024 பைட். 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி-யில் பைட்டுக்கு 9 கிளாக் என்றால் தரவுக்கு மட்டும் 23 மில்லி வினாடி. அந்த நேரத்தில் 265 பைட் வந்துபோய்விடும்.

உடனடி மருந்து: லாக்குக்குள் பஃபரிலிருந்து தேவையான பைட்டுகளை ஒரு உள்ளூர் வரிசைக்கு நகலெடுங்கள், லாக்கை விடுங்கள், அதன்பின் திரைக்கு எழுதுங்கள். 64 பைட் நகலுக்கு 6250 சைக்கிள் தாராளம். எண்ணைச் சரமாக மாற்றுவது, டீபக் செய்தி அச்சிடுவது போன்றவையும் லாக்குக்கு வெளியேதான்.

எங்களைக் கேட்டால் அந்த பஃபரை ஷேர்ட்டிலிருந்தே எடுத்துவிடலாம். ஹீப்லெஸ் கிரேட்டில் ஒருவர் போட ஒருவர் எடுக்கும் எஸ்பிஎஸ்சி வரிசை இருக்கிறது. அதை ‘இனிட்’டின் லோக்கல் பட்டியலில் தொடக்க மதிப்போடு அறிவியுங்கள். அங்கே அறிவித்ததற்கு நிரல் முடியும்வரை ஆயுள் உண்டு. ‘ஸ்ப்ளிட்’ செய்தால் கிடைக்கும் ப்ரொட்யூசரை யூசார்ட் டாஸ்க்கின் லோக்கலாகவும், கன்ஸ்யூமரைத் திரை டாஸ்க்கின் லோக்கலாகவும் கொடுத்துவிட்டால் லாக் என்ற பேச்சே இல்லை. அளவில் ஒரு சூட்சுமம்: 128 என்று அறிவித்தால் 127 தான் கொள்ளும். தரவு இடைவிடாமல் வருகிறதென்றால் மேலே சொன்ன 265-க்கு அது போதாது, 512 வையுங்கள். 20 கேபி ரேமில் அது ஒரு பொருட்டல்ல. வரிசை நிறைந்தால் ‘என்கியூ’ பிழையைத் திருப்பும். அதைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள், ஒரு எண்ணியில் ஏற்றிவையுங்கள். தரவு தொலைவது அதில் தெரியும்.

கேள்வி: ஒரு ரிசோர்ஸைத் தொடுபவற்றிலேயே அதிக முன்னுரிமை உள்ள டாஸ்க்கும் லாக் போட்டாக வேண்டுமா? அதை யாரும் இடைமறிக்கப் போவதில்லையே.

பதில்: எழுத வேண்டும், ஆனால் செலவு மிகக் குறைவு. நடப்பு முன்னுரிமை உச்சவரம்புக்குச் சமம் என்றால் லாக் புதிதாக எந்த டாஸ்க்கையும் தடுக்காது. நாளை முன்னுரிமைகளை மாற்றினாலும் நிரல் மாறாது என்பதுதான் இதன் லாபம். ஒரு ரிசோர்ஸைத் தொடும் வன்பொருள் டாஸ்க்குகள் எல்லாம் ஒரே முன்னுரிமையில் இருந்தால், ஷேர்ட் ஸ்ட்ரக்டில் அந்தப் புலத்தின் மேல் ‘லாக்_ஃப்ரீ’ என்று போட்டு நேரடியாகத் தொடலாம். பிறகு யாராவது ஒரு முன்னுரிமையை மாற்றினால் கம்பைலரே தடுத்துவிடும். தொடக்கத்தில் எழுதி, பிறகு படிக்க மட்டும் செய்யும் அளவுகளுக்கு ஷேர்ட் பட்டியலில் பெயருக்கு முன் ‘&’ குறி போதும், லாக் வேண்டாம். ஆனால் ஒரு டாஸ்க்கில் ‘&’ போட்டும் இன்னொன்றில் போடாமலும் அதே ரிசோர்ஸைக் கேட்க முடியாது.

கேள்வி: மோட்டாரை நிறுத்தும் அவசர பட்டனுக்கு முன்னுரிமை 16 கொடுத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: பட்டன் டாஸ்க் எந்த ஷேர்ட் ரிசோர்ஸையும் தொடவில்லை என்றால் சரி. தொட்டால் யோசியுங்கள். 16 என்பது வன்பொருளில் 0. பேஸ்ப்ரையில் 0 எழுதினால் ‘எதையும் தடுக்காதே’ என்று பொருள், ஆகவே அந்த மட்டத்தைப் பேஸ்ப்ரையால் மூடவே முடியாது. உச்சவரம்பு 16 ஆன ரிசோர்ஸை வேறு டாஸ்க் லாக் செய்தால் ஆர்டிஐசி எல்லா இன்டரப்டையும் மொத்தமாக மூடிவிடும். 15 கொடுத்தாலே உங்கள் வேலை நடக்கும். பின்கள் 10 முதல் 15 வரை எக்ஸ்டிஐ15_10 என்ற ஒரே இன்டரப்டில் வருவதையும் மறக்க வேண்டாம். ஒரு இன்டரப்டுக்கு ஒரு டாஸ்க்தான். எந்தப் பின் என்பதை உள்ளே பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு அசிங்க் டாஸ்க் சேர்த்ததும், டிஸ்பேட்ச் செய்ய இன்டரப்ட் போதவில்லை, 2 தேவை, 1 தான் தந்திருக்கிறீர்கள் என்று கம்பைலர் நிற்கிறது.

பதில்: மென்பொருள் டாஸ்க்குகளும் ஒரு இன்டரப்டின் முதுகில் ஏறித்தான் ஓடுகின்றன. பூஜ்யத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு முன்னுரிமை மட்டத்துக்கும் ஒன்று வேண்டும். டாஸ்க் எண்ணிக்கை பொருட்டல்ல. முன்னுரிமை 1-இல் ஐந்து டாஸ்க் இருந்தாலும் ஒன்றே போதும். ‘ஆப்’ அட்ரிபியூட்டின் ‘டிஸ்பேச்சர்ஸ்’ பட்டியலில் நீங்கள் பயன்படுத்தாத இன்டரப்டைச் சேருங்கள். எஸ்பிஐ2 வேண்டாம் என்றால் அதைக் கொடுக்கலாம். எஸ்பிஐ2-ஐ இன்டரப்ட் இல்லாமல் போலிங் முறையில் ஓட்டுபவர்களும் கொடுக்கலாம்.

ராஸ்பெர்ரி பை பீக்கோவின் ஆர்பி2040-இல் செய்யலாமா என்று வேறொருவர் கேட்டிருந்தார். செய்யலாம். அதில் 26 முதல் 31 வரையிலான இன்டரப்ட் வரிகள் எந்தப் பெரிஃபரலோடும் இணைக்கப்படவில்லை. டிஸ்பேச்சருக்கு என்றே ஒதுக்கிவைத்தது மாதிரி. ஆனால் அது கார்டெக்ஸ்-எம்0+ என்பதால் முன்னுரிமை 4 படிதான். பேஸ்ப்ரையும் இல்லை, லாக்கின்போது சம்பந்தப்பட்ட இன்டரப்ட்களைத் தனித்தனியாக மூடித் திறக்கும். பேக்எண்ட் ஃபீச்சர் தம்ப்-வி6.

கேள்வி: டைமர் டாஸ்க் ஒன்று வைத்தேன். அது ஓடத் தொடங்கியதும் மற்ற எல்லாம் நின்றுவிட்டன. இன்னொரு போர்டில் நேர்மாறு: டாஸ்க் ஒருமுறைகூட ஓடவில்லை.

பதில்: முதலாவதில், இன்டரப்ட் வந்ததைக் குறிக்கும் கொடியை அழிக்கவில்லை. டைமரின் அப்டேட் கொடியை டாஸ்க்கின் முதல் வரியிலேயே அழியுங்கள். கடைசி வரியில் அழித்தால் சில சமயம் அந்த எழுத்து வன்பொருளைச் சேரும் முன்பே டாஸ்க் முடிந்து, மறுபடி நுழையும். இரண்டாவதில், என்விஐசி (சிப்பின் இன்டரப்ட் கட்டுப்பாட்டுப் பகுதி) பக்கத்தை ஆர்டிஐசி திறந்துவிடும், பெரிஃபரல் பக்கத்தைத் திறப்பது உங்கள் பொறுப்பு. ‘இனிட்’டில் டைமரின் அப்டேட் இன்டரப்டையோ யூசார்ட்டின் ரிசீவ் இன்டரப்டையோ இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: இன்டரப்ட் டாஸ்க்கிலிருந்து ஒவ்வொரு அளவீட்டுக்கும் பதிவு டாஸ்க்கை ஸ்பான் செய்கிறேன் (ஓடத் தொடங்கச் சொல்கிறேன்). பாதி அளவீடுகள் வரவில்லை, பிழையும் காட்டவில்லை.

பதில்: ஸ்பான் வரியின் கடைசியில் ‘ஓகே’ போட்டுப் பிழையை விழுங்கியிருப்பீர்கள். 2.0-இல் ஒரு மென்பொருள் டாஸ்க் ஒரு நேரத்தில் ஒருமுறைதான் உயிரோடு இருக்கும். முந்தைய ஓட்டம் முடியாமல் மறுபடி ஸ்பான் செய்தால் நீங்கள் அனுப்பிய மதிப்போடு பிழை திரும்பி வரும், அவ்வளவுதான், வரிசையில் நிற்காது. ஆர்டிஐசி-சிங்க் கிரேட்டின் சேனலை எடுங்கள். அனுப்பும் முனை இன்டரப்ட் டாஸ்க்கின் லோக்கல், பெறும் முனை பதிவு டாஸ்க்கின் கையில். பதிவு டாஸ்க்கை ‘இனிட்’டில் ஒருமுறை ஸ்பான் செய்து, உள்ளே முடிவில்லா லூப்பில் பெறும் முனையை ‘அவெய்ட்’ செய்யுங்கள். இன்டரப்டில் காத்திருக்க முடியாது, ஆகவே அங்கே ‘ட்ரை_செண்ட்’. லூப்பில் அவெய்ட் ஒன்றுகூட இல்லையென்றால் அந்த மட்டமும் அதற்குக் கீழுள்ளவையும் பட்டினிதான்.

கேள்வி: வேறு வேலை இல்லாதபோது ஓடும் ‘ஐடில்’ ஃபங்ஷனை எழுதவில்லை. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் எழுதாவிட்டால் ஆர்டிஐசி வைக்கும் ஐடில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், தூங்காது. முடிவில்லா லூப்பில் ‘டபிள்யூஎஃப்ஐ’ (இன்டரப்ட் வரும்வரை தூங்கு) கட்டளை மட்டும் வைத்து ஒரு ஐடில் எழுதுங்கள். ஆனால் டீபக் செய்யும் காலத்தில் அதைச் சேர்க்காதீர்கள். சிப் தூங்கும்போது சில டீபக் ப்ரோப்கள் (சிப்பைக் கணினியோடு இணைக்கும் கருவிகள்) தொடர்பை இழந்துவிடும். ரிலீஸ் பில்டில் மட்டும் தூங்கட்டும்.