பொது இன்குபேட்டரில் செல்கள் மந்தமாக வளர்கின்றனவா?

முதலில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றியிருக்கிறதா என்று சோதனை செய்யுங்கள். செல்களை வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரைப் பிறகு பார்க்கலாம். பல நிறுவனங்கள் பகிரும் ஆய்வகத்துக்கு மாறிய பின் செல்கள் மந்தமாக வளர்கின்றன, அவை வளரும் திரவமான வளர்ப்பு ஊடகமோ தெளிவாகவே இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு மைக்கோபிளாஸ்மா மேல்தான் சந்தேகம். இந்தப் பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது; பெனிசிலினுக்கு மசியாது, 0.22 மைக்ரான் வடிகட்டியைக்கூடக் கடந்துவிடும், ஊடகத்தையும் பெரும்பாலும் கலங்கவைக்காது.

1. ஆன்டிபயாடிக் இல்லாமல் சில நாட்கள் வளர்த்து, செல்கள் நிறைந்ததும் மேலிருக்கும் ஊடகத்தை எடுத்து பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்யுங்கள்.

2. இடம் மாறும் முன் உறையவைத்த செல் குப்பி இருந்தால் அதையும் சோதியுங்கள். அதிலேயே தொற்று இருந்தால் பக்கத்து நிறுவனத்தின் மேல் பழி போடாதீர்கள்.

ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தால் போதாது, மீண்டும் சோதியுங்கள். ‘உண்டு’ என்றால், இன்குபேட்டரைப் பகிரும் எல்லோரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள், தயங்காதீர்கள்.