பெனிசிலின் நம் செல்களை ஏன் ஒன்றும் செய்வதில்லை?

கேள்வி: தொண்டைப் புண்ணுக்கு டாக்டர் அமாக்சிசிலின் கொடுத்தார், கேட்டது. கிருமியைக் கொல்கிற மருந்து நம் செல்லை எப்படி விட்டுவைக்கிறது? மிச்ச மாத்திரையைச் சளிக்குப் போடலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நம் செல்லுக்குச் சுவர் கிடையாது, மெல்லிய சவ்வு மட்டும்தான். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குச் சவ்வுக்கு வெளியே பெப்டிடோகிளைக்கன் என்ற சுவர் உண்டு. சுவர் என்றதும் செங்கல்லை நினைக்காதீர்கள், மீன்வலையை நினையுங்கள்: சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்த நீள இழைகள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் குட்டி அமினோ அமிலச் சங்கிலிகள். உள்ளே தண்ணீர் புகுந்து அழுத்தம் ஏறும்போது செல் வெடிக்காமல் பிடித்து வைப்பது இந்த வலைதான்.

இதில் முடிச்சுப் போடுவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. சங்கிலியின் நுனியில் அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து இருக்கும்; புரதம் கடைசி அலனினைக் கழற்றிவிட்டுப் பக்கத்துச் சங்கிலியோடு சேர்த்துக் கட்டிவிடும். பெனிசிலினின் வடிவம் கிட்டத்தட்ட அந்த நுனி மாதிரியே இருக்கிறது என்று 1965-இல் டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதினார்கள். அமாக்சிசிலினும் அதே குடும்பம். புரதம் நுனி என்று நம்பி மருந்தைப் பிடிக்கிறது, அதோடு ஒட்டிக்கொண்டு செயலற்றுப் போகிறது. இவற்றுக்குப் பெயரே பெனிசிலின் பிணைப்புப் புரதங்கள். செய்யும் வேலையை வைத்துப் பெயர் வைத்திருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சரி, முடிச்சு நின்றால் செல் ஏன் சாக வேண்டும்? வளர்கிற பாக்டீரியா பழைய வலையை அங்கங்கே வெட்டித்தான் புது இழையைச் செருக முடியும், வெட்டுவதற்குத் தனி என்சைம்கள் உண்டு, கட்டுகிறவை முடங்கிய பிறகும் அவை வெட்டிக்கொண்டேதான் இருக்கும். வலை பிரிந்து செல் வெடித்துவிடுகிறது. வளராமல் சும்மா கிடக்கும் பாக்டீரியாவிடம் இந்த மருந்து அவ்வளவாக எடுபடாததும் இதனால்தான்.

பாக்டீரியாவும் சும்மா இல்லை. பெனிசிலின் குடும்பத்து மருந்தான மெத்திசிலின் 1959-இல் வந்தது, 1961-லேயே அதற்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை இங்கிலாந்தில் கண்டார்கள். மருந்து எளிதில் ஒட்டாத வேறொரு முடிச்சுப் புரதம் அதனிடம் இருந்தது.

மிச்ச மாத்திரையைச் சளிக்குப் போடவே போடாதீர்கள். சளி வைரஸால் வருவது, வைரஸுக்குச் சுவரும் இல்லை, முடிச்சுப் புரதமும் இல்லை. மாத்திரை உங்கள் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களின் வலையைத்தான் பிரிக்கும், அவை காலி செய்த இடத்தில் மருந்துக்கு அடங்காதவை பெருகும்.