எட்டாம் மாதத்தில் குழந்தைகளோடு ஒருநாள்: என் ஓட்டு கிண்டிக்கு

சகோதரி, எட்டாம் மாதம், வீடு தாம்பரம், ஐந்து வயதுப் பையன், மூன்று வயதுப் பெண். பிரசவத்துக்கு முன் நால்வரும் ஒருநாள் வெளியே போக வண்டலூர் உயிரியல் பூங்காவா, மகாபலிபுரமா என்று கேட்டிருந்தீர்கள். டாக்டர் சரி சொல்லிவிட்டதால் நேராகவே சொல்கிறேன், மகாபலிபுரம் இப்போது வேண்டாம். வெண்ணெய் உருண்டைப் பாறைச் சரிவில் சின்னவள் சறுக்க ஆரம்பித்தால் பின்னால் யார் ஓடுவது?

வண்டலூர் பக்கம்தான். ஆனால் 602 ஹெக்டேர். பேட்டரி வண்டி கிடைத்தால் போகலாம், நடந்து சுற்றவே கூடாது.

அதைவிட கிண்டி சிறுவர் பூங்கா மேல். மரநிழல், மான், பறவைகள், ஊஞ்சல் எல்லாம் கிட்டக்கிட்ட இருக்கும். மின்சார ரயிலில் கிண்டி வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், கிண்டி, வண்டலூர் இரண்டுக்குமே அன்று விடுமுறை. திறந்ததும் உள்ளே போய், பதினொன்றரைக்குள் கிளம்பிவிடுங்கள். அப்புறம் வெயில் தாங்காது.

தண்ணீரோடு ஸ்கேன் ரிப்போர்ட் ஃபைலும் பையில் இருக்கட்டும். சின்னவளைத் தூக்குவது முழுக்க அவள் அப்பா வேலை.

இன்னொன்று. அவர் அவளை ஊஞ்சலில் ஆட்டும்போது நீங்கள் பையனோடு பெஞ்சில் உட்காருங்கள். "பாப்பா வந்தா நீதான் விட்டுக்கொடுக்கணும்" பாடமெல்லாம் அன்றைக்கு வேண்டாம். அவன் மானைப் பற்றிப் பேசினால் மானைப் பற்றியே பேசுங்கள்.